வடை தின்ற பன்னிரண்டு நிமிடங்கள்

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை தி. நகர் சபா ஒன்றின் கேன்டீனில் நின்றபடி நான் ஒரு வாழைப்பூ வடை தின்றேன். இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பிப்ரவரி வந்தும் அந்த வடை இன்னும் செரிக்கவில்லை. நல்ல வடைதான், மொறுமொறுவென்று இருந்தது. சிக்கல், அதைத் தின்ற நேரத்தில். உள்ளே தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருந்தது, பாடகர் ஒதுங்கிக்கொள்ள மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கிற நேரம்.

முதலில் நாங்கள் ஏன் அங்கே போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இசை தாகமெல்லாம் இல்லை. இரண்டு தேர்வுகளுக்கு நடுவே ஐந்து நாள் இடைவெளி கிடைத்தது. எங்கள் ஹாஸ்டல் தாம்பரத்தைத் தாண்டி இருக்கிறது. இரவு எட்டரைக்குள் திரும்பி கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பேர் கிளம்பினோம்: நான், மதுரைக்காரி, ஈரோட்டுக்காரி. மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தபோது ஆளுக்கு ஒரு பை சேர்ந்திருந்தது. எதற்கு வாங்கினோம் என்று தெரியாத பைகள். அடுத்து என்ன என்றதும் ஈரோட்டுக்காரி சொன்னாள், "சபா கேன்டீன் போலாம்டி, ரீல்ஸ்ல பாத்தேன், அக்காரவடிசில் போடறாங்களாம்." கேன்டீனுக்குப் போக டிக்கெட் தேவையில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நாலு மணிக் கச்சேரிக்குக் கடைசி வரிசையில் மூன்று டிக்கெட் வாங்கிவிட்டோம். என் பங்கு, புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் ஆயிரம் ரூபாயிலிருந்து போனது. அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தவள் நான். படிப்புக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசாங்கம் கட்டுகிறது. கைச்செலவுக்கு அந்த ஆயிரம். அதில் கச்சேரி டிக்கெட் என்று அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் யாரும் போட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஏசி குளிர் நன்றாக இருந்தது. அரங்கில் எண்பது பேர் இருக்கலாம், பெரும்பாலும் எங்கள் தாத்தா பாட்டி வயது. பாடியவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மிருதங்கம் வாசித்த பையன் எங்கள் வயதுதான், அல்லது ஒரு வருஷம் சீனியர். ஒரு கடம். வயலின். முதல் முக்கால் மணி நேரம் மதுரைக்காரி என் தோளில் தூங்கினாள். பிறகு பாடகர் ஒரு ராகத்தை மெல்ல இழுத்து ஆரம்பித்தார். முன்வரிசை மாமா ஒருவர் செல்போனில் ராகம் தேடிக்கொண்டிருக்க, நான் வாய்க்குள் "தோடி" என்றேன். மதுரைக்காரி கண் திறந்து என்னைப் பேய் பார்த்தமாதிரி பார்த்தாள். தோடியைக் கண்டுபிடிக்க எனக்குப் பாட்டு கற்றிருக்க வேண்டிய அவசியமில்லை. எங்கள் ஊரில், நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், சித்தப்பா வீட்டு டேப் ரிக்கார்டரில் நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையின் தோடி தேய்ந்துபோகிற வரைக்கும் ஓடியிருக்கிறது. 1956-ல் மறைந்த மனிதர், எங்கள் வீட்டில் 2015 வரை வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு டேப் ரிக்கார்டர் கெட்டுவிட்டது.

சித்தப்பா தவில்காரர்.

ராகம், கீர்த்தனை, நிரவல், ஸ்வரம் என்று வரிசையாக முடிந்ததும் பாடகர் மிருதங்கப் பையனைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். ஏதோ பெல் அடித்த மாதிரி அரங்கில் பாதிக்கு மேல் எழுந்தது. புடவைச் சரசரப்பு, கைத்தடி, "காபி சூடா இருக்கும்போதே போயிடலாம்" என்ற குரல். ஈரோட்டுக்காரி, "முடிஞ்சிருச்சு போல, வாடி" என்றாள். முடியவில்லை என்று எனக்குத் தெரியும். தனி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். கதவுக்குப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தபோது அந்தப் பையன் தலைகுனிந்து, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைத் தடவிச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து பேர்தான் மிச்சம் இருந்தார்கள்.

இந்த இடத்தில், மனம் கேட்காமல் திரும்பி ஓடினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஓடவில்லை. வரிசையில் நின்றேன், டோக்கன் கொடுத்தேன், வடையை வாங்கிச் சட்னியில் தோய்த்து முழுசாகத் தின்றேன். கேன்டீன் அரங்கத்தின் பின்சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்டு அமைத்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மிருதங்கம் வந்துகொண்டே இருந்தது. அக்காரவடிசில் தீர்ந்துபோயிருந்தது. திரும்பி உள்ளே நுழைந்தபோது தனியை முடித்துவைக்கும் கோர்வை மூன்றாவது தடவை விழுந்து, பாடகர் பல்லவியை எடுத்தார். கைதட்டினோம். எதற்குத் தட்டினோம் என்று தெரியவில்லை.

பந்தி

சித்தப்பாவோடு கல்யாணங்களுக்குப் போய் வளர்ந்தவள் நான். மைதா பசையில் துணியைச் சுற்றிச் சுற்றி விரலுக்கு ஒன்றாக அவர் கூடு செய்வதை, காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வலது கையில் அந்தக் கூடுகள், இடது கையில் பூவரசங்குச்சி. மண்டபத்தில் தவிலுக்கு என்ன இடம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்தின நாள் மாலை ரிசப்ஷனில் ஆர்கெஸ்ட்ரா வந்து ஸ்பீக்கர் வைத்ததும் நாகஸ்வரமும் தவிலும் தூண் ஓரம் போய்விடும். காலையில் ஐயர் கையைத் தூக்கி "கெட்டிமேளம்" என்றதும் வெடிக்க வேண்டும். அந்த அரை நிமிஷத்தில்தான் மண்டபமே தவில் பக்கம் திரும்பும். அதுவும் கேட்பதற்காக இல்லை. தாலி ஏறும்போது தும்மலோ அமங்கலச் சொல்லோ காதில் விழாமல் மறைப்பதற்காக என்று பெரியவர்கள் சொல்வார்கள். மற்றது கேட்கக் கூடாது என்பதற்காக வாசிக்கப்படும் ஒரு வாத்தியம். தாலி ஏறியதும் கூட்டம் பந்திக்கு ஓடும். சித்தப்பா அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் வாசிப்பார். காலி நாற்காலிகளுக்கு.

அந்தப் பந்திக்கு ஓடுகிறவர்கள் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கோபம் உண்டு. ஒரு தடவை பன்னிரண்டு வயதில், சாப்பிடக் கூப்பிட்ட மாப்பிள்ளை வீட்டு அத்தையிடம் "சித்தப்பா வாசிச்சு முடிக்கட்டும்" என்று சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவள்தான் டோக்கனோடு நின்றேன்.

ரயிலில் இதைச் சொன்னபோது மதுரைக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. "அத்தன பேரும் வயசானவங்கடி. ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்காங்க. பாத்ரூம் போக வேணாமா? பாட்டு நடக்கறப்ப எந்திரிச்சா பாடகருக்கு அவமரியாதைன்னு அடக்கிட்டு இருந்திருப்பாங்க." அப்படியானால் மிருதங்கக்காரனுக்கு அவமரியாதை இல்லையா என்றேன். "அவனுக்குப் பழகியிருக்கும்" என்றாள். இந்தப் பழகியிருக்கும் என்ற சொல்தான் என்னைப் பல்லாவரம் தாண்டும்வரை வாயடைத்தது. மேடையின் நடுவில் இருப்பவர் அசைந்தால் ஆயிரம் கண். பக்கத்தில் இருப்பவருக்குப் பழகிவிட வேண்டும். இன்றைய கச்சேரி முறையை வகுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். அந்த முறையில் தனிக்கு ஓர் இடம் கட்டாயம் உண்டு. எழுந்து போகிற பழக்கத்தை வகுத்தவர் யாரும் இல்லை. அது நம் கூட்டுப் படைப்பு.

சித்தப்பாவுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் போன் செய்தேன். பாவமன்னிப்பு கேட்கிற தொனியில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "தனி எவ்ளோ நேரம் பாப்பா?"

"பன்னெண்டு நிமிஷம் இருக்கும் சித்தப்பா."

சிரிக்க ஆரம்பித்தார். "பன்னெண்டு நிமிஷந்தானா? அதுக்குள்ளயே எந்திரிச்சு போயிட்டாங்களா? நாங்கள்லாம் சாமி பொறப்பாட்டுல ஒரு வீதி முழுக்கத் தனி வாசிப்போம். சாமி தூக்குறவங்க தோள மாத்துவாங்க, நாங்க கைய மாத்த மாட்டோம்." பிறகு, "அந்தப் பையனுக்குப் பணம் ஒழுங்கா குடுத்தாங்களாமா?" என்று கேட்டார். அது எனக்கு எப்படித் தெரியும்? வடை எப்படி இருந்தது என்றும் கேட்டார். என் குற்ற உணர்ச்சியை அவர் கண்டுகொள்ளவே இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சுவர் என்ன தின்றது

ஜனவரி முதல் வாரம் கல்லூரி திறந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். வீடியோ பாடங்கள் எடுப்பதற்காகக் கட்டிய ஒலிப்பதிவு அறையை மாணவர்களுக்கும் திறந்துவிடுகிறார்கள். பதிவு செய்யவும் எடிட் செய்யவும் பதினைந்து பேர் தேவை. நன்றாகப் போனால் பிறகு வளாக வானொலிக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று 90.4-ல் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. இருபது வருஷம் கழித்து எங்கள் கல்லூரிக்கும் ஆசை வந்திருக்கிறது. வகுப்பில் எழுந்த முதல் கேள்வி "ரெசுமேல போடலாமா?" இரண்டாவது, "நான் முதல்வன் கோர்ஸோட நேரம் மோதுமா?" நான் சிரிப்பதற்கில்லை. என் மனதிலும் அந்த இரண்டு கேள்விகள்தான் இருந்தன. மூன்றாம் வருஷம் ஈசிஇ படிக்கிற, வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற பெண் வேறு எதை முதலில் கேட்பாள்?

தேர்வு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சிக்னல் ப்ராசஸிங் எடுக்கும் மேடம் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எனக்கு முன்னால் போனவர்கள் வெளியே வந்து சொன்னதை வைத்து மென்பொருள் பெயர்களெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். அவர் அதையெல்லாம் கேட்கவில்லை. "கடைசியா நேர்ல எந்த நிகழ்ச்சி கேட்ட?" என்றார். கச்சேரி என்றேன். அவர் முகம் மலர்ந்தது. யார் பாடினார்கள், மெயின் பாட்டு எந்த ராகம் என்று கேட்டார். தோடி என்றதும் இன்னும் மலர்ந்தது. "தனி எப்படி இருந்தது?"

பொய் சொல்லியிருக்கலாம். "பிரமாதம் மேடம்" என்ற இரண்டு சொல் போதும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு மாதமாகத் தொண்டையில் வடை இருந்ததே. "நான் கேன்டீன்ல இருந்தேன் மேடம்" என்றேன்.

ஒரு கணம் அமைதி. இடம் போயிற்று என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கோபமோ கிண்டலோ இல்லாமல், ஆய்வகத்தில் ரீடிங் கேட்பதுபோல் கேட்டார்: "கேன்டீன்ல எப்படிக் கேட்டுது?"

எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டார். "சுவருக்கு வெளியில நின்ன இல்ல? எது கேட்டுது, எது கேக்கல?"

நான் கண்ணை மூடினேன். எண்ணெய்ச் சத்தம், டம்ளர், டோக்கன் நம்பர் கத்துகிறவர். அதற்குப் பின்னால்... ஆச்சரியம், எல்லாம் இருந்தது. தொப்பிச் சத்தம் முழுசாக வந்தது, கும்கி வந்தது, அந்த அடிவயிற்றில் இழுக்கிற சத்தம். தகரக் கூரைகூட ஒருமுறை அதிர்ந்தது. வலப்பக்கமான வலந்தலை வரவில்லை. அதில் விழும் சாப்பு என்கிற கணீர் அடி மட்டும் கதவு திறக்கும்போதெல்லாம் பளிச்சென்று வந்து கதவு மூடியதும் அணைந்தது. கடம் சுத்தமாக இல்லை. மிருதங்கம் நின்ற இடங்களில் கடம் வாசிக்கிறது என்று ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த இடைவெளிகள் வரவரச் சின்னதாகிக்கொண்டே வந்தன. குறைப்பு நடக்கிறது, கடைசிக்கு வந்துவிட்டார்கள் என்று அதை வைத்துத்தான் வடையை வேகமாக முடித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது. கேட்காமல் தின்றேன் என்று இத்தனை நாளாக என்னை நானே அடித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு நிமிஷமும் உள்ளே அப்படியே பதிவாகி இருந்திருக்கிறது, சுவர் வடிகட்டிக் கொடுத்த பதிவாக.

"சுவர் எதைத் தின்னுச்சு?" என்றார்.

"உயர் அதிர்வெண் எல்லாத்தையும், மேடம். தாழ்ந்ததை விட்டுடுச்சு."

"லோ பாஸ் ஃபில்டர். ரெண்டாம் வருஷம் படிச்சது" என்று என் பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டார். நான் கதவு வரை போனதும், "அடுத்த தடவை உள்ள உக்காரு. கடம் பாவம்" என்றார்.

வடைக்கு இதனால் மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. எழுந்து போனது போனதுதான். அந்தப் பையன் பார்த்தது காலி நாற்காலியைத்தான், சுவருக்கு வெளியே நின்ற என் காதை இல்லை. ஆனாலும் சித்தப்பா ஏன் சிரித்தார் என்பது அன்று இரவுதான் கொஞ்சம் பிடிபட்டது. மறுபடி போன் செய்து கேட்டேன்: பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தவில் எப்படிக் கேட்கும் என்று நினைத்து வாசிப்பீர்கள்? அவர் யோசிக்கவே இல்லை. "சோத்துப் பந்தி எப்பவும் பின்னாடிதானே இருக்கும். அங்க கூடு போட்ட கைச் சத்தம் பொடிசாத்தான் போவும், குச்சிதான் போவும். அதனால எல்லாரும் சாப்புடப் போயிட்டா நான் குச்சியில பேசுவேன். எல முன்னாடி உக்காந்துருக்குற புள்ளைங்க கால ஆட்டும், பரிமாறுறவன் வந்து சொல்லுவான்." முப்பது வருஷமாகச் சுவரைக் கணக்கில் வைத்து வாசித்திருக்கிறார். நான் காலி நாற்காலிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கரும்பொட்டு

மேடம் எனக்குப் படிக்கக் கொடுத்தது, சி. வி. ராமன் மத்தளங்களைப் பற்றி எழுதியது. 1920-ல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து நேச்சர் இதழில் சின்னதாக ஒரு குறிப்பு, பிறகு 1934-ல் விரிவாக ஒரு கட்டுரை. வெறும் வட்டத்தோலை இழுத்துக் கட்டி அடித்தால், அடிப்படை அதிர்வெண் 100 என்று வைத்துக்கொண்டால், மற்றவை 159, 214, 230 என்று தாறுமாறாக வரும். அதனால்தான் சாதாரண முரசில் சுருதி சேராது. மிருதங்கத்தின் வலந்தலையில் கரும்பொட்டு இருக்கிறதே, சாதம் என்றும் கரணை என்றும் சொல்வார்கள், அந்தப் பாரம் இந்தத் தாறுமாறை இழுத்து 100, 200, 300 என்று வரிசையில் நிறுத்திவிடுகிறது. ஒன்பது விதமாக அதிர்கிற தோலிலிருந்து ஐந்து சுத்தமான ஸ்வரக்கூறுகள். கணக்கு தெரியாமல் கையாலும் காதாலும் இதைக் கண்டுபிடித்த ஆட்களின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை. திருவானைக்காவலில் பிறந்த ராமனுக்கு நாகஸ்வரமும் தவிலும் காதில் விழுந்திருக்கலாம். ஆனால் கட்டுரை மிருதங்கத்தையும் தபேலாவையும் பற்றியது. தவிலின் வலந்தலையில் கரும்பொட்டு இல்லை, அதனால் அந்த அழகான கணக்கு அதற்குப் பொருந்தாது. இதை ஒரு குறையாகச் சொல்லி மேடத்திடம் முறையிட்டேன். "அப்ப நீ அளந்து கொண்டு வா" என்று ஒரு கையடக்க ரிக்கார்டரை எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

அதனால் பொங்கலுக்கு மன்னை எக்ஸ்பிரஸில் ஏறும்போது பையில் மற்றவர்கள் சென்னையிலிருந்து வாங்கிப் போவதெல்லாம் இல்லை. ரிக்கார்டர், இரண்டு செட் பேட்டரி, ஒரு ஸ்டாண்டு. மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் சித்தப்பா திண்ணையில் பாய் விரித்து உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, விபூதி, கல்யாணத்துக்குப் போகிற கோலம். "பதிவுன்னா பதிவுதானே" என்றார். ரிக்கார்டரை அவர் எதிரே வைத்தேன். பிறகு என் செல்போனைப் பதிவில் போட்டு, வீட்டுக்குள் இரண்டு சுவர் தாண்டி, அடுப்படியில் சித்தி வடை சுட்டுக்கொண்டிருந்த இடத்தில் அரிசி டப்பா மேல் வைத்தேன். சித்தியிடம் எதுவும் பேசக் கூடாது என்று சைகை காட்டினேன்.

திண்ணைப் பதிவு நன்றாக வந்திருக்கிறது, மேடம் அதை வைத்து வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார். அடுப்படிப் பதிவைத்தான் நான் ஹாஸ்டலில் அடிக்கடி போட்டுக் கேட்கிறேன். எண்ணெய் கொதிக்கிறது. குச்சி விழுகிறது, வரிசையாக, ஒன்றும் குறையாமல். நாலாவது நிமிஷத்தில் சாரணிக் கரண்டி சட்டியில் தட்டுகிறது, தாளத்துக்குச் சரியாக. ஏழாவது நிமிஷத்தில் சித்தியின் குரல், ரொம்ப மெதுவாக: "இன்னும் எவ்ளோ நேரம்டி பேசாம இருக்கணும்?"